‘ரூபனெஸ்க்’ என்றால் என்ன?

ஆங்கில நாவல்களில், சினிமா விமர்சனங்களில், ஏன், துணிக்கடை விளம்பரங்களில்கூட ஒரு பெண்ணின் உடல்வாகைச் சொல்லும்போது ‘ரூபனெஸ்க்’ என்ற சொல் எட்டிப் பார்க்கும். அகராதியைப் புரட்டினால் இரண்டு பொருள் கிடைக்கும். ஒன்று, ரூபன்ஸ் என்ற ஓவியருக்கோ அவருடைய ஓவியங்களுக்கோ உரியது. இன்னொன்று, சதைப்பிடிப்பும் வளைவுகளும் கொண்ட, பார்ப்பதற்கு அழகான உடல்வாகு உள்ளவர். முதல் பொருள் அகராதியோடு சரி. வெளியே நடமாடுவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இதை வெறுமனே ‘குண்டு’ என்று பெயர்த்துவிட முடியாது. நம்மிடம் ‘பூசினாற்போல’ என்று ஒரு பிரயோகம் உண்டு. பெண் பார்த்துவிட்டு வந்த அத்தை, “ஒல்லியும் இல்ல, குண்டும் இல்ல, பூசின மாதிரி இருக்கா” என்று சொன்னால் அதில் குறை எதுவும் இல்லை, திருப்திதான் தெரியும். ரூபனெஸ்க்கின் தொனி ஏறக்குறைய அதுதான். ஆனால் அளவு கொஞ்சம் கூடுதல். அகன்ற இடுப்பு, கனத்த தொடை, மடிப்பு விழுந்த வயிறு, சிவந்து மினுமினுக்கும் தோல் எல்லாம் சேர்ந்தால்தான் ரூபனெஸ்க். வெறும் எடையைக் குறிக்கும் சொல் அல்ல அது. அந்த உடலை ரசித்துப் பார்க்கும் ஒரு பார்வையும் அதற்குள் அடக்கம். “ரவிவர்மா ஓவியம் மாதிரி இருக்கா” என்று நம்மவர்கள் சொல்வதிலும் இப்படி ஓர் ஓவியரின் கண்தான் வேலை செய்கிறது. அது உவமையாகவே நின்றுவிட்டது. ரூபன்ஸ் பெயரோ ஒற்றைச் சொல்லாகவே உறைந்துவிட்டது.

சொல்லின் அமைப்பு எளிது. வாலில் இருக்கும் ‘எஸ்க்’ என்பதற்கு ‘அந்த மாதிரியான, அந்தப் பாணியிலான’ என்று பொருள். இத்தாலிய மொழியில் ‘எஸ்கோ’ என்று இருந்தது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு கையெழுத்துக்காக மேசை மேசையாக அலையவிடும் அலுவலகத்தை எழுத்தாளர் காஃப்காவின் பெயரால் ‘காஃப்காயெஸ்க்’ என்கிறார்களே, அதிலும் இதே வால்தான். ரூபன்ஸோடு எஸ்க்கைச் சேர்த்தால் முறைப்படி ‘ரூபன்செஸ்க்’ என்று வரவேண்டும். அந்த வடிவமும் அச்சில் உண்டு, ஆனால் வாயில் சுலபமாக நுழையவில்லை போலிருக்கிறது. நடுவில் இருந்த ‘ஸ்’ உதிர்ந்து ரூபனெஸ்க் என்பதே நிலைத்துவிட்டது. இதனால் ஓவியரின் பெயரே ரூபன் என்று நினைப்பவர்கள் உண்டு. நமக்கு ரூபன் பழகிய பெயர் வேறு. அவர் ரூபன் இல்லை, ரூபன்ஸ். ஜெர்மன்காரர்கள் இந்த வம்பே வைத்துக்கொள்ளாமல், பெயரையும் உருவத்தையும் ஒட்டி ‘ரூபன்ஸ்ஃபிகூர்’ என்கிறார்கள்.

சரி, யார் இந்த ரூபன்ஸ்?

பீட்டர் பால் ரூபன்ஸ் 1577-இல் இன்றைய ஜெர்மனியில் உள்ள சீகன் என்ற ஊரில் பிறந்தார். குடும்பம் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆன்ட்வெர்ப்பைச் சேர்ந்தது. அவர் ஏன் சீகனில் பிறந்தார் என்பது தனிக்கதை. அப்பா யான் ரூபன்ஸ் வழக்கறிஞர். மதக் கலவரத்துக்குப் பயந்து ஆன்ட்வெர்ப்பை விட்டு ஓடியவர், ஆரஞ்சு வம்சத்து இளவரசர் வில்லியத்தின் மனைவி ஆன்னாவுக்குச் சட்ட ஆலோசகராகச் சேர்ந்தார். ஆலோசனை எல்லை தாண்டிப் போய் ஆன்னா கர்ப்பமானார். யானைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள், தலை தப்புமா என்பதே சந்தேகமாக இருந்தது. மனைவி மரியா பைப்பலின்க்ஸ் கணவரை மன்னித்துக் கடிதம் எழுதியதோடு விடாமல், நடையாக நடந்து மன்றாடி உயிரை மீட்டார். அதன் பிறகு சீகனை விட்டு நகரக் கூடாது என்ற நிபந்தனையோடு வாழ்ந்த காலத்தில் பிறந்தவர்தான் பீட்டர் பால். அப்பா இறந்த பிறகு மரியா பிள்ளைகளோடு ஆன்ட்வெர்ப் திரும்பினார்.

ரூபன்ஸ் அங்கே ஓவியம் கற்று, 1600-இல் இத்தாலிக்குப் போய் எட்டு ஆண்டுகள் இருந்தார். மான்டுவா கோமகனிடம் வேலை. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் டிஷியனின் ஓவியங்களையும் ரோமாபுரிச் சிலைகளையும் மைக்கேலாஞ்சலோவின் உருவங்களையும் பார்த்துப் பார்த்து வரைந்து தள்ளினார். 1608-இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு ஊர் திரும்பினார், ஆனால் உயிரோடு பார்க்க முடியவில்லை. அப்புறம் ஆன்ட்வெர்ப்பிலேயே வீடு வாங்கி, பெரிய பட்டறை நடத்தி, ஐரோப்பிய அரண்மனைகளுக்கெல்லாம் ஓவியம் அனுப்பினார். நடுவில் ஸ்பெயினுக்கும் இங்கிலாந்துக்கும் சமாதானத் தூது போன ராஜதந்திரியும் அவர்தான். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் 1630-இல் அவருக்கு ‘சர்’ பட்டம் கொடுத்தார். 1640-இல் ஆன்ட்வெர்ப்பில் இறந்தார்.

இனி அந்தச் சொல்லுக்குக் காரணமான ஓவியங்களுக்கு வருவோம். எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை, ஒன்று போதும். மட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் ‘மூன்று கிருபைத் தேவியர்’ என்ற படம் இருக்கிறது. 1630-களின் முதல் பாதியில் வரைந்தது. மரப்பலகையில் எண்ணெய் வண்ணம், உயரம் சுமார் 2.2 மீட்டர். கிரேக்கப் புராணத்தில் வரும் மூன்று சகோதரிகள் ஆடையில்லாமல் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நிற்கிறார்கள். ஓரமாக ஒரு மரத்தில் அவர்கள் கழற்றிப்போட்ட துணி தொங்குகிறது. தலைக்கு மேல் ரோஜா மாலை, பின்னால் புல் மேயும் மான்கள். மூன்று பேர் இப்படி வட்டமாக நிற்பது ரூபன்ஸின் கற்பனை அல்ல. பழைய ரோமானியச் சிற்பங்களில் இதே அமைப்பு உண்டு, அவருக்கு முன் பலரும் அதை எடுத்தாண்டிருக்கிறார்கள்.

ஆனால் சிற்பத்தில் இல்லாத ஒன்று இந்தப் படத்தில் இருக்கிறது. நடுவில் முதுகைக் காட்டி நிற்பவளைக் கவனியுங்கள். இடுப்புக்கு மேலே சதை மெல்ல மடிந்து ஒரு நிழல் விழுகிறது. தொடையின் பின்புறம் வழவழப்பாக இல்லை, குழிகுழியாக இருக்கிறது. ஒருத்தியின் விரல் இன்னொருத்தியின் கையைப் பிடித்த இடத்தில் சதை அமுங்கியிருக்கிறது. பளிங்குச் சிலையில் விரல் அமுங்காது. இந்த அமுங்கல்தான் ரூபன்ஸ். உடல் பெரிதாக இருக்கிறது என்பது முதல் பார்வையில் தெரியும், அந்த உடலுக்கு எடையும் சூடும் இருக்கிறது என்பது இரண்டாவது பார்வையில்தான் தெரியும்.

இதை அவர் எப்படிச் செய்தார்? பலகையில் வெள்ளைச் சுண்ணப் பூச்சு, அதன் மேல் பழுப்பும் சாம்பலும் கலந்த மெல்லிய ஒரு பூச்சு. அதற்கு மேல் ஒளி ஊடுருவும்படி வண்ணத்தை மெலிதாக அடுக்கடுக்காகப் போடுவார். வெளிச்சம் படும் இடத்தில் வெள்ளையைக் கொஞ்சம் தடிப்பாக வைப்பார். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் நடுவே நீலம் பூத்த சாம்பல் நிறம் தெரியும். வெளிர் தோலுக்கு அடியில் நரம்பு ஓடும் இடங்களில் இதே நிறத்தை நேரிலும் பார்க்கலாம். நிழலுக்குள் கறுப்பை அப்பாமல் சிவப்பை விடுவார். விரல் இடுக்கு, மூக்குத் துவாரம், முழங்கால் மடிப்பு எல்லாம் சிவந்திருக்கும். அவருடைய படத்தைப் பார்த்த இத்தாலிய ஓவியர் கூய்டோ ரேனி, இவர் வண்ணத்தில் ரத்தத்தைக் கலக்கிறாரா என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. கதையாகவே இருக்கட்டும், படத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும்.

சிலைகளைப் பார்த்து வரைவது பற்றி ரூபன்ஸ் லத்தீனில் ஒரு சிறு குறிப்பு எழுதி வைத்திருந்தார். அவர் காலத்துக்குப் பிறகு, 1708-இல், ரோஜர் த பீல் என்ற பிரெஞ்சுக் கலை விமர்சகர் அதைத் தன் நூலில் வெளியிட்டார். பழைய சிலைகளிலிருந்து ஓவியர்கள் கற்க வேண்டியது நிறைய, ஆனால் படத்தில் கல் வாடை வீசக் கூடாது என்பது அதன் சாரம். கல்லின் நிழல் கடுமையானது, தோலின் நிழலில் வெளிச்சம் ஊறியிருக்கும். உயிருள்ள உடலில் தோல் சுருங்கும், நீளும், மடியும். சிலையை அப்படியே நகலெடுப்பவன் இதையெல்லாம் தவறவிட்டு, வண்ணம் பூசிய கல்லைத்தான் வரைவான் என்கிறார். பிராடோ படத்தின் இடுப்பு மடிப்புகளை இந்தக் குறிப்போடு சேர்த்துப் பார்த்தால், அவை தற்செயலாக வந்தவை அல்ல என்று விளங்கும்.

அதே குறிப்பில் இன்னொன்றும் இருக்கிறது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழங்காலத்து மனிதர்கள் உடற்பயிற்சி செய்து உடலைக் கட்டுக்கோப்பாக வைத்திருந்தார்கள், இந்தக் காலத்தவர்களோ தின்பதும் குடிப்பதுமாகச் சோம்பிக் கிடந்து தொப்பையும் வலுவில்லாத காலுமாக ஆகிவிட்டார்கள் என்று ரூபன்ஸ் அலுத்துக்கொள்கிறார்! தாட்டியான உடம்புக்கு எந்த மனிதரின் பெயரை வைத்தார்களோ, அவருடைய புலம்பல் இது. தன் விஷயத்திலும் அவர் கறார்தான். அதிகாலையில் எழுந்து தேவாலயம், அப்புறம் வேலை. சாப்பாடு கனத்தால் வேலை கெடும் என்று அளவாகச் சாப்பாடு. சாயங்காலம் குதிரை சவாரி. த பீல் எழுதி வைத்த தகவல்கள் இவை. 1621-இல் அவருடைய பட்டறைக்குப் போன ஓட்டோ ஸ்பெர்லிங் என்ற இளம் மருத்துவர், ரூபன்ஸ் படம் வரைந்தபடியே ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் நூலை ஒருவர் வாசிக்கக் கேட்டுக்கொண்டும், கடிதம் ஒன்றைச் சொல்லி எழுதவைத்துக்கொண்டும் இருந்ததை வியந்து குறித்திருக்கிறார்.

“அந்தக் காலத்தில் குண்டுதான் அழகு, சோற்றுக்குக் கஷ்டமில்லாத வீட்டுப் பெண் என்பதற்கு அடையாளம், அதனால்தான் ரூபன்ஸ் அப்படி வரைந்தார்” என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். எங்கே பார்த்தாலும் இதுதான் கிடைக்கும். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் எனக்கு இது சோம்பேறி விளக்கமாகத்தான் படுகிறது. 1614 வரை வாழ்ந்த எல் கிரேக்கோ வரைந்த உருவங்கள் மெழுகுவர்த்திச் சுடர் மாதிரி நீண்டு ஒடுங்கியவை. ரூபன்ஸின் பட்டறையிலேயே உதவியாளராக இருந்து பெரிய ஆளான ஆந்தனி வான் டைக் வரைந்த சீமாட்டிகள் நெடுநெடுவென்று, மெல்லிய விரல்களோடு நிற்பார்கள். இவர்களும் அதே காலம்தானே? அவ்வளவு ஏன், ரூபன்ஸே வரைந்த உடையணிந்த பெண்களின் உருவப்படங்களைப் பாருங்கள். முதல் மனைவி இசபெல்லா பிரான்ட்டைச் சாக்கட்டியால் வரைந்த சித்திரம் ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. குறும்புச் சிரிப்போடு இருக்கும் முகத்தில் ரூபனெஸ்க் என்று சொல்ல எதுவும் இல்லை. ஆக, காலத்தின் ருசி பாதி என்றால், இவருடைய தேர்வு மீதிப் பாதி. தோலின் நிறம் மாறுவதைக் காட்ட வேண்டுமென்றால் காட்டுவதற்குத் தோல் வேண்டும். எலும்பும் தோலுமான உடலில் அந்த வித்தை முழுக்க எடுபடாது.

இதில் இரண்டாவது மனைவிக்கும் பங்கு உண்டு. இசபெல்லா 1626-இல் இறந்துபோனார். நான்கு ஆண்டுகள் கழித்து, 53 வயதில், பட்டு வணிகர் ஒருவரின் மகளான ஹெலனா ஃபோர்மென்ட்டை ரூபன்ஸ் மணந்தார். ஹெலனாவுக்கு வயது 16. இன்றைக்குக் கேட்டால் முகம் சுளிப்போம், சுளிக்கத்தான் வேண்டும். அரண்மனை வட்டாரத்தில் பெண் எடுக்கச் சொல்லி எல்லோரும் வற்புறுத்தியதாகவும், தான் தூரிகையைக் கையில் எடுக்கும்போது கூச்சப்படாத பெண்தான் வேண்டும் என்று நடுத்தரக் குடும்பத்தில் மணந்ததாகவும் நண்பர் பெய்ரெஸ்க்குக்கு எழுதிய கடிதத்தில் காரணம் சொல்கிறார். கடைசிப் பத்தாண்டுகளில் வரைந்த படங்களில் தேவதை, அரசி, புராணப் பெண் என்று ஹெலனாவின் சாயல் திரும்பத் திரும்ப வருகிறது. மூன்று தேவியரில் இடது பக்கம் நிற்கும் பொன்முடிக்காரியும் ஹெலனா மாதிரிதான் இருக்கிறாள்.

வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘சிறிய ரோம அங்கி’ (விலங்கின் ரோமத்தால் ஆனது) என்ற படத்தில் சாயல் என்று இழுக்க வேண்டியதே இல்லை, ஹெலனாவேதான். கறுப்பு ரோம அங்கியை மட்டும் போர்த்திக்கொண்டு, குளித்துவிட்டு வந்தவள் போல் நிற்கிறார். அங்கி பாதிதான் மறைக்கிறது. மார்பை ஒரு கை தாங்கியிருக்கிறது, முழங்காலைச் சுற்றிச் சதை பிதுங்கியிருக்கிறது. அழகுபடுத்த வேண்டும் என்று எதையும் அவர் மறைக்கவில்லை. இந்தப் படம் ஹெலனாவுக்கே சேர வேண்டும் என்று உயிலில் தனியாக எழுதி வைத்தார். அழகிகளின் பட்டியலில் ஒருத்தியாக இல்லாமல், தனக்குத் தெரிந்த ஒரு பெண்ணை வரைந்திருக்கிறார். ரூபனெஸ்க் என்ற சொல்லின் நல்ல பக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

ஆனால் இந்தச் சொல்லால் ரூபன்ஸுக்கு ஒரு நஷ்டமும் உண்டு. ஆன்ட்வெர்ப் பேராலயத்தில் இருக்கும் ‘சிலுவையை நிமிர்த்துதல்’ படத்தில் நிறைந்திருப்பவர்கள் நரம்பு புடைத்த, தசை முறுக்கிய ஆண்கள். சிங்க வேட்டை, புலி வேட்டை, போர், புயல் என்று வரைந்திருக்கிறார். பிரான்ஸின் ராணித் தாய் மரீ த மெடிசியின் வாழ்க்கையை 24 பெரிய ஓவியங்களாக வரைந்து கொடுத்தார், அவை இப்போது லூவ்ரில் உள்ளன. லண்டன் ஒயிட்ஹாலில் விருந்து மண்டபத்தின் கூரை ஓவியங்களே அவருடையவை. இத்தனையும் போய், சராசரி ஆங்கில வாசகருக்கு அவர் பெயர் இடுப்பளவைச் சொல்லும் சொல்லாக மட்டும் மிஞ்சிவிட்டது.

ஒரு காலத்தில் அவர் பெயருக்கு வேறு பொருள் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு ஓவியக் கழகத்தில் பெரிய சண்டை. ஓவியத்துக்கு உயிர் கோடா, வண்ணமா? கோடுதான் என்றவர்கள் பிரெஞ்சு ஓவியர் பூசானின் கட்சி, வண்ணம்தான் என்றவர்கள் ரூபன்ஸ் கட்சி. அவர்களுக்கு ‘ரூபனிஸ்ட்’ என்றே பெயர். மேலே சொன்ன த பீல் அந்தக் கட்சியின் முக்கியப் பேச்சாளர். அவர் 1708-இல் பழைய ஓவியர்களுக்கெல்லாம் பரீட்சைத் தாள் திருத்துவது போல மார்க் போட்டார். அமைப்பு, கோடு, வண்ணம், உணர்ச்சி என்று நான்கு பாடம், ஒவ்வொன்றுக்கும் 20. ரூபன்ஸுக்கு 18, 13, 17, 17. கூட்டினால் 65. ரஃபேலுக்கும் சரியாக 65. பாவம் ரெம்பிராண்ட், கோட்டில் 6 வாங்கித் தோற்றுப்போனார். பெண் உடல் பற்றிய பேச்சே இந்தக் கணக்கில் இல்லை.

ஓவியர்களின் பெயர் இப்படி ஒரே விஷயமாகச் சுருங்குவது ரூபன்ஸுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. டிஷியன் செம்பொன் நிறக் கூந்தலாகிவிட்டார். ஹோகார்த் என்றால் குடியும் கூத்துமான பழைய லண்டன் தெரு. கன்னத்தில் முக்கோணமாக ஒளி விழும்படி விளக்கு வைப்பதை நம்மூர் ஒளிப்பதிவாளர்களும் ‘ரெம்பிராண்ட் லைட்டிங்’ என்கிறார்கள். வான் டைக்குக் கிடைத்தது ஒரு தாடி: மீசையும் கூர்மையான குறுந்தாடியும் சேர்ந்ததற்கு ஆங்கிலத்தில் அவர் பெயர்தான். குரு உடம்பாகவும் சீடர் தாடியாகவும் அகராதிக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

இந்த நிர்வாணங்கள் சங்கடப்படுத்துவதும் புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ் அரண்மனையில் இருந்த நிர்வாண ஓவியங்களை எரித்துவிடச் சொன்னார், அரசவை ஓவியர் மெங்ஸ் குறுக்கிட்டுக் காப்பாற்றினார். பிற்பாடு பிராடோவிலும் இப்படிப்பட்ட படங்களுக்கென்று எல்லோரும் நுழைய முடியாத தனி அறை கொஞ்ச காலம் இருந்தது. நம் காலத்தில் அந்த வேலையை ஃபேஸ்புக் எடுத்துக்கொண்டது. ரூபன்ஸின் நிர்வாண உருவங்கள் இருந்த சுற்றுலா விளம்பரங்களை அது நீக்கியது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதிச் சுற்றுலாத் துறை சும்மா இருக்கவில்லை. 2018-இல் ஒரு கேலி வீடியோ வெளியிட்டது. ஆன்ட்வெர்ப்பில் ரூபன்ஸ் வாழ்ந்த வீட்டைப் பார்க்க வருபவர்களிடம், “ஃபேஸ்புக் கணக்கு இருக்கிறதா? இருந்தால் இந்தப் படத்தைப் பார்க்கக் கூடாது” என்று சீருடைக் காவலர்கள் சொல்லி அப்புறப்படுத்துவார்கள்.

கடைசியாக, சொல்லைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு. ஆங்கிலத்தில் இது பேச்சை விட எழுத்தில்தான் அதிகம் வரும். பெண்களைப் பற்றி மட்டுமே சொல்வது வழக்கம், தொப்பை போட்ட ஆணை ரூபனெஸ்க் என்றால் கிண்டலாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். கதாபாத்திரத்தையோ சிலையையோ வர்ணிக்கும்போது பாராட்டாக ஒலிக்கும் இதே சொல், எதிரே நிற்கும் ஒருவரிடம் சொன்னால் ‘குண்டு’ என்பதைச் சுற்றிவளைத்துச் சொன்னதாகப் படலாம், ஆகவே முகத்துக்கு நேரே வேண்டாம். ஒரு ஓவியத்தின் வண்ணமோ, சுழன்றடிக்கும் அமைப்போ ரூபன்ஸை நினைவூட்டுகிறது என்று எழுத வேண்டுமானால் அதற்கு ‘ரூபன்சியன்’ என்று இன்னொரு வடிவம் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் யாரும் இடுப்பளவைப் பற்றி யோசிக்க மாட்டார்கள்.